எஸ்டிடி போய் எஸ்டிஇ வந்தபோது

லினக்ஸ் ஓடும் பேக்கப் சர்வரில் /ஆர்க்கைவ் அடைவுக்குள் எழுதும் வேலை "இன்புட்/அவுட்புட் எரர்" என்று சொல்லி நின்றுவிட்டது. உள்ளே போய், அடைவில் இருப்பதைப் பட்டியலிடும் எல்எஸ் அடித்தால் சில அடைவுகள் திறக்கின்றன, சில மறுக்கின்றன. டிஎஃப் கட்டளையோ எதுவும் நடக்காதது போல அந்த டிஸ்க்கை நிரம்பிய அளவோடு காட்டுகிறது. மவுண்ட் பட்டியலிலும், அதாவது எந்த டிஸ்க் எந்த அடைவில் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதிலும், அது இருக்கிறது. ஆனால் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே அடித்தால் எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி வரிசைக்குப் பிறகு அந்த டிஸ்க்கின் பெயரான எஸ்டிடி இல்லை. அதற்குப் பதில் நான் எப்போதும் பார்த்திராத எஸ்டிஇ என்று ஒன்று நிற்கிறது.

டிஸ்க் ஒரு கணம் தொடர்பு அறுந்து, திரும்பி வரும்போது வேறு பெயரில் வந்திருக்கிறது என்பது இதிலேயே பாதி தெரிந்துவிடும். மீதியை, இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் சொன்னது. ஏடிஏ5 (டிஸ்க் செருகியிருக்கும் போர்ட்) இணைப்பு அறுந்தது என்று ஒரு வரி, வேகத்தை 3.0 ஜிகாபிட்டாகக் குறைக்கிறேன் என்று ஒரு வரி, எஸ்டிடி நீக்கப்பட்டதாக ஒரு வரி, அப்புறம் எஸ்டிஇ இணைந்தது என்று ஒரு வரி. சொல்லப்போனால் முழுக் கதையும் அதிலேயே இருக்கிறது. ஆனாலும் இரண்டும் ஒரே டிஸ்க்தானா என்பதை வரிசை எண்ணை வைத்து உறுதி செய்யாமல் எதையும் தொடக்கூடாது. /டெவ்/டிஸ்க்/பை-ஐடி அடைவில் எல்எஸ் -எல் போட்டால் தயாரிப்பாளர் பெயர், மாடல், வரிசை எண் எல்லாம் சேர்ந்த நீளப் பெயர் ஒவ்வொன்றும் எந்தச் சாதனத்தைச் சுட்டுகிறது என்று தெரியும். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள எண்ணும் அதுதான். பழைய எஸ்டிடியின் எண் இப்போது எஸ்டிஇயைச் சுட்டியது. சரி, ஒரே டிஸ்க்.

பழைய பெயரே ஏன் திரும்பக் கிடைக்கவில்லை? கர்னல் ஒரு பெயரை விடுவிப்பது, அந்தச் சாதனத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் கடைசிப் பிடி விடும்போதுதான். இங்கே டிஸ்க்கின் மேல் எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பகுதிகளாகப் பிரித்து நிர்வகிக்கும் அடுக்கு) இருந்தது, அதன் மேல் இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் மவுண்ட் ஆகியிருந்தது, அதன் மேல் பேக்கப் புரோகிராம் ஃபைல்களைத் திறந்து வைத்திருந்தது. வன்பொருள் போய்விட்டாலும் இந்தப் பிடிகள் போகவில்லை. எனவே எஸ்டிடி என்ற இடம் யாரும் இல்லாமலே பதிவாகிக் கிடந்தது. திரும்பி வந்த டிஸ்க்குக் கிடைத்தது அடுத்த காலி இடம்.

இந்தப் பிடியைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் எண்களுக்குப் போக வேண்டும். யூனிக்ஸில் /டெவ் அடைவில் இருக்கும் பெயர் மேல்பூச்சு மட்டுமே. கர்னலுக்குத் தெரிந்தது மேஜர், மைனர் என்ற இரண்டு எண்கள்தான். லினக்ஸில் எஸ்டி வகை டிஸ்க்குகளின் மேஜர் எண் 8. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் 16 மைனர் எண்கள் ஒதுக்கீடு: எஸ்டிஏ 0, எஸ்டிபி 16, எஸ்டிசி 32, எஸ்டிடி 48, எஸ்டிஇ 64. எஸ்டிபி1 என்ற பார்ட்டிஷன் 17. எல்எஸ் -எல் போட்டால் ஃபைல் அளவு வர வேண்டிய இடத்தில் "8, 48" என்று இரண்டு எண்கள் நிற்குமே, அவைதான் இவை. இப்போது எல்விஎம் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று, அதன் பொருத்தங்களைக் காட்டும் டிஎம்செட்டப்பிடம் கேட்டேன் (வால்ட் என்பது எல்விஎம் தொகுதியின் பெயர், ஆர்க்கைவ் அதில் உள்ள பகுதி):

டிஎம்செட்டப் டேபிள் வால்ட்-ஆர்க்கைவ்
0 3907018752 லீனியர் 8:48 2048

இந்த ஒரு வரியில் எல்லாமே இருக்கிறது. 0-லிருந்து 3907018752 செக்டர்கள், அதாவது 512 பைட் கணக்கில் ஏறத்தாழ 2 டெராபைட், 8:48 என்ற சாதனத்தின் 2048-ஆவது செக்டரில் தொடங்கி நேர்கோடாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. முன்னால் விட்ட 2048 செக்டர் என்பது 1 மெபிபைட். எல்விஎம் தன் குறிப்புகளை அங்கே வைத்துக்கொள்கிறது. 8:48 என்பது செத்துப்போன எஸ்டிடி. உயிரோடு இருக்கும் எஸ்டிஇ 8:64. எழுதுவதெல்லாம் யாரும் இல்லாத வாசலுக்குப் போகிறது, அதனால்தான் எரர்.

இந்த நிலையில், எல்விஎம்மின் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் பிவிஎஸ் கட்டளையின் வெளியீட்டை நம்பக்கூடாது. அது டிஸ்க்குகளின் தலைப்பைப் புதிதாகப் படிப்பதால் "/டெவ்/எஸ்டிஇ, வால்ட்" என்று ஆரோக்கியமாகவே காட்டும். அதைப் பார்த்து எல்விஎம் தானாகவே புது இடத்துக்கு மாறிவிட்டது என்று நினைத்தால் மணிக்கணக்கில் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்போம். ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் பொருத்தம் எங்கே சுட்டுகிறது என்பதை டிஎம்செட்டப்தான் உள்ளபடி சொல்லும்.

இன்னொரு ஆபத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது சத்தமில்லாமல் நடக்கும். எஸ்டிடி என்ற சாதனப் பதிவு /டெவ் அடைவில் இல்லாத நேரத்தில் ரூட் (நிர்வாகி) உரிமையோடு, பைட் பைட்டாக நகலெடுக்கும் டிடி கட்டளையை அந்தப் பெயருக்கு எழுதச் சொன்னால் அது தயங்காது. அப்படி ஒரு சாதனம் இல்லை என்பதால் அதே பெயரில் ஒரு சாதாரண ஃபைலை உருவாக்கி அதில் எழுதத் தொடங்கும். /டெவ் என்பது நினைவகத்தில் இருக்கும் டெவ்டிஎம்பிஎஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டம். ஆகவே ரேம்தான் நிரம்பும். டிஸ்க் இமேஜ் எழுதி முடிந்தது என்று வெற்றிச் செய்திகூட வரலாம், டிஸ்க்கில் ஒரு பைட்டும் மாறியிருக்காது. எல்எஸ் -எல் வெளியீட்டின் முதல் எழுத்து 'பி' என்றால் பிளாக் சாதனம், வெறும் கோடு என்றால் சாதாரண ஃபைல். டிடிக்கு கான்வ்=நோக்ரியேட் என்று கொடுத்தால் இல்லாத ஃபைலை உருவாக்காமல் எரர் சொல்லி நிற்கும். சாதனங்களுக்கு எழுதும் ஒவ்வொரு டிடியிலும் இதைச் சேர்த்துக்கொள்வதை நான் வலியுறுத்துவேன்.

இனி பிரிக்கும் வேலை. ஏற்றியது கீழிருந்து மேல் என்றால் இறக்குவது மேலிருந்து கீழ். முதலில் பேக்கப் சர்வீஸை நிறுத்தினேன். அப்படியும், மவுண்டைக் கழற்றும் யூமவுண்ட் "டார்கெட் இஸ் பிஸி" என்றது. ஃப்யூசர் -விஎம் /ஆர்க்கைவ் போட்டுப் பார்த்தால் யாரோ திறந்து வைத்துவிட்டு மறந்த ஒரு ஷெல் அந்த அடைவுக்குள் உட்கார்ந்திருந்தது. அதை மூடியதும் யூமவுண்ட் நடந்தது.

பிஸி என்று வந்தவுடன் யூமவுண்ட் -எல் போடச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். இந்தச் சூழலில் அது உதவாது, கெடுக்கும். அது அடைவு மரத்திலிருந்து மவுண்டைக் கழற்றுமே தவிர, உள்ளே இருக்கும் பிடியை விடுவிக்காது. மவுண்ட் பட்டியலில் பெயர் மறைந்துவிடும். யார் பிடித்திருக்கிறார்கள் என்று ஃப்யூசரால் கண்டுபிடிப்பதும் கடினமாகிவிடும். அடுத்த படியில் எல்விஎம் "பிஸி" என்று சொல்லும். பிடித்திருப்பவரைத் தேடி வெளியேற்றுவதுதான் வழி.

அப்புறம், எல்விஎம் பகுதியைச் செயல் நிறுத்தும் எல்விசேஞ்ச் -ஏஎன் வால்ட்/ஆர்க்கைவ். பெரும்பாலும் இதுவே போதும். படிக்க முடியாத சாதனத்தைக் கண்டு அது திணறினால் டிஎம்செட்டப் ரிமூவ் வால்ட்-ஆர்க்கைவ் என்று நேரடியாகவே எடுக்கலாம். அதற்கு முன் டிஎம்செட்டப் இன்ஃபோ -சி வெளியீட்டில் ஓப்பன் என்ற நிரலில் 0 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 0 இல்லையென்றால் மேலே இன்னும் யாரோ இருக்கிறார்கள். அங்கே ஃபோர்ஸ் போட்டால் பொருத்தம் நீங்காது. எல்லா வாசிப்பும் எழுத்தும் தோல்வியடையும்படி மாற்றிவைக்கப்படும், அவ்வளவுதான். எனக்கு 0 வந்தது, முதல் கட்டளையே வேலையை முடித்தது. அந்தக் கணத்தில் எஸ்டிடி என்ற பெயரும் விடுதலையானது.

எல்விசேஞ்ச் -ஏஒய் கொடுத்து மீண்டும் உயிர்ப்பித்ததும் அதே டிஎம்செட்டப் டேபிள் இப்போது 8:64 என்றது. உடனே மவுண்ட் செய்யவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே அறுந்த ஃபைல்சிஸ்டம் அல்லவா, ஃபைல்சிஸ்டத்தைச் சோதிக்கும் இ2எஃப்எஸ்சிகே -எஃப் ஓட்டி, மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னலைச் சரிசெய்து, மீட்ட துண்டுகள் சேரும் லாஸ்ட்+ஃபவுண்டில் ஏதாவது வந்து விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற்றினேன். அறுந்த நேரத்தில் எழுதப்பட்ட பேக்கப் தொகுப்பை நீக்கிவிட்டு முழுதாகத் திரும்ப எடுக்கவிட்டேன். ஜர்னல் ஃபைல்சிஸ்டத்தின் கட்டமைப்பைத்தான் காக்கும். பாதி எழுதிய ஃபைலின் உள்ளடக்கத்துக்கு அது பொறுப்பல்ல.

அறிகுறி போய்விட்டது, காரணம் இன்னும் உள்ளே இருக்கிறது. டிஸ்க் தன் நலம் பற்றி வைத்திருக்கும் கணக்கைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் -ஏ வெளியீட்டில் மூன்று வரிகளைத்தான் முதலில் பார்ப்பேன். 5-ஆம் எண் மாற்றப்பட்ட செக்டர்கள், 197 மாற்றத்துக்குக் காத்திருக்கும் செக்டர்கள், 199 சிஆர்சி பிழைகள். முதல் இரண்டும் டிஸ்க்கின் தட்டு கெடுவதைச் சொல்பவை, அவை 0. மூன்றாவது, டிஸ்க்குக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே தகவல் போகும் வழியில் நேர்ந்த சிதைவு, அது ஏறியிருந்தது. இணைப்பு வேகத்தைக் கர்னல் குறைத்ததும் இதோடு பொருந்துகிறது. ஆக, கேபிளை மாற்ற வேண்டும், டிஸ்க்கை அல்ல. டிஸ்க் ஒன்று தொலைந்து வந்தாலே அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறவர்கள் இந்த 199-ஐ ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

சர்வரை அணைக்காமலே கேபிள் மாற்றலாம், சாட்டா போர்ட்டும் பயாஸும் ஹாட்பிளக்கை ஆதரித்தால். ஆனால் அப்படியே உருவக்கூடாது. யூமவுண்ட், எல்விசேஞ்ச் -ஏஎன், பிளாக்டெவ் --ஃப்ளஷ்பஃப்ஸ் (எழுதாமல் நிற்பதை டிஸ்க்குக்கு அனுப்புவது) என்று வரிசையாக இறக்கிவிட்டு, கர்னலிடமே பதிவை நீக்கச் சொல்ல வேண்டும்:

எக்கோ 1 | சூடோ டீ /சிஸ்/பிளாக்/எஸ்டிஇ/டிவைஸ்/டெலீட்

சூடோ எக்கோ 1 > என்று எழுதினால் "அனுமதி இல்லை" என்று வரும். காரணம், சூடோவின் உரிமை எக்கோவுக்கு மட்டும்தான் போகிறது. > குறியைச் செயல்படுத்துவது நம் சொந்த ஷெல், அதற்கு ரூட் உரிமை இல்லை. டீ கட்டளைக்குக் கொடுத்தால் எழுதுகிறவரே ரூட். நீக்கியதும் டிமெசேஜில் கேஷ் டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்ததாக ஒரு வரி வரும், அதையடுத்துப் பல கணினிகளில் டிஸ்க்கின் மோட்டாரும் நிற்கும். சுழற்சி முழுதாக அடங்கச் சில நொடிகள் விட்டு, அப்புறம் கேபிளைத் தொட்டேன்.

நீக்கும் முன்பே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: அந்த டிஸ்க் எந்த ஹோஸ்டில் (போர்ட்டுக்குக் கர்னல் வைக்கும் இன்னொரு பெயர்) இருந்தது. எல்எஸ் -எல் /சிஸ்/பிளாக்/எஸ்டிஇ என்று கேட்டால் அது சுட்டும் நீளப் பாதையில் ஏடிஏ5, ஹோஸ்ட்4 என்று இரண்டும் வரும். ஏடிஏ எண்ணிக்கை 1-லும் ஹோஸ்ட் எண்ணிக்கை 0-விலும் தொடங்குவதால் இந்த ஒன்று வித்தியாசம். டிமெசேஜ் ஏடிஏ5 என்கிறதே என்று ஹோஸ்ட்5-ஐத் தேடினால் வேறு போர்ட்டில் நிற்போம். வேறு வகைக் கன்ட்ரோலர்களும் இருந்தால் வித்தியாசம் ஒன்றாகவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது, ஆகவே கணக்குப் போடாமல் பாதையைப் படிப்பதே நல்லது.

புதுக் கேபிளை மாட்டியதும் டிஸ்க் தானாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. தேடச் சொன்னேன்:

எக்கோ "- - -" | சூடோ டீ /சிஸ்/கிளாஸ்/ஸ்கஸி_ஹோஸ்ட்/ஹோஸ்ட்4/ஸ்கேன்

மூன்று கோடுகளும் முறையே சேனல், டார்கெட், லன் (டிஸ்க் அலகின் எண்). கோடு என்றால் எதுவாக இருந்தாலும் சரி என்று பொருள். எல்லா ஹோஸ்டுக்கும் லூப் போட்டு இதைக் கொடுக்கும் ஒருவரி ஸ்கிரிப்ட் பலரிடம் இருக்கும். நூற்றுக்கணக்கான லன்கள் தொங்கும் சேமிப்பு வலையமைப்பில் அதை ஓட்டினால் நேரம் பிடிக்கும், தேவையில்லாத பழைய லன்களும் எழுந்து வரும். எந்த ஹோஸ்ட் என்று தெரிந்தால் அதை மட்டும் கேட்பது நல்லது. இரண்டு நொடியில் டிஸ்க் எஸ்டிடி என்ற பழைய பெயரிலேயே 6.0 ஜிகாபிட் வேகத்தில் வந்து நின்றது. யூடெவ்ஏடிஎம் மானிட்டர் என்பதைப் பக்கத்து டெர்மினலில் ஓடவிட்டிருந்தேன். கர்னல் நிகழ்வைச் சொல்வதும், /டெவ் பெயர்களைப் பராமரிக்கும் யூடெவ் அதைப் படித்துப் பை-ஐடி, பை-யூயூஐடி இணைப்புகளை உருவாக்குவதும் வரிவரியாக ஓடியது. இதை ஒருமுறையாவது உட்கார்ந்து பார்ப்பது நல்லது. யூடெவ் 2003-ல் வந்தது. அதற்கு முன் இருந்த நிலையான /டெவ் அடைவில், இல்லாத டிஸ்க்குகளுக்கும் சேர்த்து ஆயிரக்கணக்கான பதிவுகள் எம்கேநாட் கட்டளையால் முன்கூட்டியே உருவாக்கப்பட்டிருக்கும். 2009-ல் 2.6.32 கர்னலோடு டெவ்டிஎம்பிஎஃப்எஸ் வந்தபின், அடிப்படைப் பதிவைக் கர்னலே உருவாக்குகிறது. உரிமைகளும் கூடுதல் இணைப்புகளும் யூடெவ் பொறுப்பு. பிசிஐயில் நேரடியாக இணையும் என்விஎம்இ டிஸ்க்குகளுக்கு இந்த ஸ்கஸி வழி கிடையாது. அங்கே பிசிஐ சாதனத்தின் ரிமூவ் ஃபைலில் 1 எழுதி நீக்க வேண்டும், /சிஸ்/பஸ்/பிசிஐ/ரீஸ்கேன் ஃபைலில் 1 எழுதித் தேட வேண்டும்.

கையோடு, சர்வர் எழும்போது எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியலான எஃப்எஸ்டேபையும் திறந்தேன். ஆர்க்கைவ் வரி /டெவ்/மேப்பர் பாதையில் இருந்தது, அதற்கு ஆபத்தில்லை; எல்விஎம் டிஸ்க்கைத் தன் உள்ளே எழுதிய அடையாளத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். ஆனால் எஸ்டிசியில் இருந்த /ஸ்க்ராட்ச் என்ற தற்காலிக இடத்துக்கு, முன்பு பராமரித்தவர் /டெவ்/எஸ்டிசி1 என்றே எழுதி வைத்திருந்தார். கர்னல் பல கன்ட்ரோலர்களை ஒரே நேரத்தில் தேடுகிறது, முதலில் பதில் சொன்னவருக்கு முதல் எழுத்து. அடுத்த ரீபூட்டில் எஸ்டிசியும் எஸ்டிடியும் இடம் மாறினால், சர்வரை எழுப்பும் சிஸ்டம்டி அந்தச் சாதனத்துக்காக 90 நொடி காத்திருந்துவிட்டு அவசர நிலையில் போய் நிற்கும். பிஎல்கேஐடி கட்டளை சொன்ன யூயூஐடியை (ஃபைல்சிஸ்டத்தின் தனி அடையாள எண்) எடுத்து வரியை இப்படி மாற்றினேன்:

யூயூஐடி=(பிஎல்கேஐடி தந்த எண்) /ஸ்க்ராட்ச் இஎக்ஸ்டி4 டிஃபால்ட்ஸ்,நோஃபெயில்,எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10எஸ் 0 2

நோஃபெயில் இருந்தால் டிஸ்க் இல்லாவிட்டாலும் சர்வர் எழுந்துவிடும். தரவு டிஸ்க்குகளுக்கு இதைத் தாராளமாகப் போடலாம். ஆனால் அந்த அடைவில் எழுதும் சர்வீஸ் ஏதாவது இருந்தால், மவுண்ட் ஆகாத வெறும் அடைவில் எழுதி ரூட் டிஸ்க்கை நிரப்பிவிடும். அதனால் அந்த சர்வீஸின் யூனிட் ஃபைலில் ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=/ஸ்க்ராட்ச் என்பதையும் சேர்த்தேன். பிறகு சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட், ஃபைண்ட்மவுண்ட் --வெரிஃபை. இந்த இரண்டாவது கட்டளை எஃப்எஸ்டேபில் உள்ள எழுத்துப்பிழை, இல்லாத யூயூஐடி, இல்லாத அடைவு எல்லாவற்றையும் ரீபூட் செய்யாமலே சொல்லிவிடும். அதை ஓட்டாமல் எஃப்எஸ்டேபை மூடுவதே இல்லை.

யூயூஐடி எழுதினால் முழுப் பாதுகாப்பு என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டிடியால் நகலெடுத்த டிஸ்க்கில் யூயூஐடியும் நகலாகிவிடும். இரண்டையும் ஒன்றாகச் செருகினால் இஎக்ஸ்டி4 எதை ஏற்றும் என்று சொல்ல முடியாது. எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டம் இந்த விஷயத்தில் கறாரானது: அதே யூயூஐடி ஏற்கெனவே மவுண்ட் ஆகியிருந்தால் இரண்டாவதை மறுத்துவிடும். நகலுக்கு டியூன்2எஃப்எஸ் -யூ ராண்டம், அல்லது எக்ஸ்எஃப்எஸ்_அட்மின் -யூ ஜெனரேட் கொடுத்துப் புது அடையாளம் தர வேண்டும்.

வேலையோடு வேலையாக, வேறொரு கணினியில் இருந்த உதிரி டிஸ்க் ஒன்றையும் இதில் செருகினேன். எல்எஸ்பிஎல்கே காட்டுகிறது, அதில் எல்விஎம் தலைப்பு இருப்பதாகப் பிஎல்கேஐடி சொல்கிறது, பிவிஎஸ் மட்டும் கண்டுகொள்ளவே இல்லை. ரெட்ஹாட் 9 வகை அமைப்புகளில் இது பிழை அல்ல. எல்விஎம் எந்த டிஸ்க்குகளைத் தொடலாம் என்ற பட்டியல் /ஈடிசி/எல்விஎம்/டிவைசஸ்/சிஸ்டம்.டிவைசஸ் என்ற ஃபைலில் இருக்கிறது; அதில் பெயர் இல்லாதவை அதன் கண்ணுக்குத் தெரியாது. எல்விஎம்டிவைசஸ் --ஆட்டெவ் கொடுத்துச் சேர்த்ததும் வந்தது. நிரந்தரமாகக் கழற்றிய டிஸ்க்கின் பதிவு அங்கேயே தங்கிவிடும். அதை --டெல்டெவ், சாதனமே இல்லையென்றால் --டெல்பிவிஐடி கொண்டு எடுக்க வேண்டும். பட்டியலுக்கும் நிஜத்துக்கும் உள்ள வேறுபாட்டை --செக் சொல்லும்.

அந்த உதிரி டிஸ்க்கின் பழைய அடையாளங்களை அழிக்க வைப்எஃப்எஸ் பயன்படுத்தினேன். விருப்பம் எதுவும் இல்லாமல் ஓட்டினால் அது எதையும் அழிக்காது, என்னென்ன தலைப்புகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று காட்ட மட்டும் செய்யும். அழிக்கும்போது -ஏ உடன் --பேக்கப் சேர்த்தால், நீக்கிய பைட்டுகளை ஹோம் அடைவில் சிறு ஃபைல்களாக வைத்துவிடும். தவறான டிஸ்க் என்று பிறகு தெரிந்தால் அந்த ஃபைலை டிடியால் அதே இடத்தில் திரும்ப எழுதிவிடலாம்.

மற்ற யூனிக்ஸ் அமைப்புகளிலும் இதே வேலைதான், பதிவு இருக்கும் இடம்தான் வேறு. ஏஐஎக்ஸில் சாதனப் பட்டியல் ஓடிஎம் என்ற தரவுத்தளத்தில் நிலையாக இருக்கிறது. ஆர்எம்டெவ் -எல் எச்டிஸ்க்4 என்றால் டிஸ்க் 'அவைலபிள்' நிலையிலிருந்து 'டிஃபைன்ட்' நிலைக்குப் போகும், பதிவு அழியாது. -டிஎல் கொடுத்தால்தான் தரவுத்தளத்திலிருந்தே நீங்கும். திரும்பத் தேட சிஎஃப்ஜிஎம்ஜிஆர். டிஸ்க்கை மாற்றும்போது -டி விட்டுப்போனால், புது டிஸ்க் வேறு எண்ணில் வந்து பழையது 'டிஃபைன்ட்' என்று பட்டியலில் தொங்கிக்கொண்டிருக்கும். சோலாரிஸில் சி0டி0டி0எஸ்0 பாணிப் பெயர்கள் /டிவைசஸ் மரத்துக்குப் போகும் இணைப்புகள். டிஸ்க் போனபின் அறுந்து தொங்கும் இணைப்புகளை டெவ்எஃப்எஸ்ஏடிஎம் -சி சுத்தம் செய்யும், -வி சேர்த்தால் எதை எடுத்தது என்றும் சொல்லும். ஃப்ரீபிஎஸ்டியில் /டெவ் முழுவதையும் கர்னலே பார்த்துக்கொள்கிறது. கேம்கன்ட்ரோல் டெவ்லிஸ்ட் பட்டியலைத் தரும், கேம்கன்ட்ரோல் ரீஸ்கேன் ஆல் புதியவற்றைத் தேடும்.

கடைசியாக சர்வரை ஒருமுறை ரீபூட் செய்து பார்த்தேன். உதிரி டிஸ்க் எஸ்டிசி ஆகியிருந்தது, ஸ்க்ராட்ச் இருந்த டிஸ்க் எஸ்டிஇ. இரண்டு மவுண்டுகளும் தம்தம் இடத்தில் சரியாக ஏறியிருந்தன. 199-ஆம் வரியில் இருந்த எண்ணைத் தேதியோடு சர்வரின் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கேபிள் மாற்றினாலும் அந்த எண் குறையாது; இனி ஏறினால் மட்டும் போர்ட்டைச் சந்தேகிக்க வேண்டும்.